நகர வரைபடத்தில் நம் இடம் எது?
பெட்டாலிங் ஜெயா சொல்லும் எழுபது ஆண்டுக் கதை



ஒரு புறநகரின் மையப் பகுதியில் எத்தனை மாடிக் கட்டடம் எழும்பலாம்? எந்தச் சாலை அகலமாகும்? எந்தத் திடல் திடலாகவே நீடிக்கும்? பள்ளிக்கு எந்த இடம், ஆலயத்திற்கு எந்த இடம், மலிவுவிலை வீடுகளுக்கு எந்த இடம்? இவற்றையெல்லாம் முடிவு செய்வது யார் என்று கேட்டால், "அது நகராண்மைக் கழகத்தின் வேலை" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி சட்டப்படி நம்முடைய கையில் இருக்கிறது. அந்தப் பாதி நமக்கு எப்படி வந்தது, அதற்கு முன் நம்மிடமிருந்து எது போனது என்பதைப் பெட்டாலிங் ஜெயா நகரின் வரலாற்றை வைத்துப் பார்ப்போம்.

பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட முதல் துணை நகரம் அது. அதன் அடிநிலம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டம் எப்படி நகரமாகிறது, நகரமான பிறகு அங்கே யார் பேச்சு எடுபடுகிறது என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

தோட்டத்தில் பிறந்த நகர்

1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அதே காலத்தில் கோலாலம்பூரில் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டவர்களின் எண்ணிக்கை பெருகியது. நகரம் மூச்சுத் திணறியது. தலைநகருக்கு வெளியே ஒரு துணை நகரம் வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 1952-இல் கிள்ளான் பழைய சாலையை ஒட்டிய எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலம் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலில் எழும்பியவை சுமார் 800 வீடுகள். அந்தப் பகுதியைத்தான் இன்று பழைய நகர் என்கிறோம்.

நகரமைப்பு என்ற துறை அப்போது நாட்டுக்குப் புதிதல்ல. 1921-இலேயே கூட்டு மலாய் மாநிலங்களுக்கு அரசாங்க நகரமைப்பு அதிகாரியாகச் சார்லஸ் ரீட் வந்துவிட்டார். 1923-இல் நகரமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் 1946-ஆம் ஆண்டின் புதிய நகரங்கள் சட்டம் வந்தது. வீடு, தொழிற்சாலை, கடை, பள்ளி, திடல் ஆகியவற்றை ஒரே வட்டாரத்திற்குள் அமைத்து, மக்கள் பெருநகரை நம்பாமல் வாழ வழிசெய்வது அதன் நோக்கம். அந்தச் சிந்தனையின் சாயலைப் பெட்டாலிங் ஜெயாவில் காணலாம். நகரம் 'செக்‌ஷன்' என்ற பிரிவுகளாக வகுக்கப்பட்டது. சாலைகளுக்குப் பெயருக்குப் பதில் எண்கள் வந்தன. 14/20 என்றால் 14-ஆவது செக்‌ஷனின் 20-ஆம் சாலை. 1957-ஆம் ஆண்டின் இறுதியில் 3,200-க்கும் மேற்பட்ட வீடுகளும் 100-க்கும் மேற்பட்ட கடைகளும் 28 தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. ஐந்தே ஆண்டுகளில் இது பெரிய சாதனை. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தத் திட்டத்தை வரையும்போது யாரிடம் கருத்துக் கேட்டார்கள்? குடிசையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களிடம் கேட்கவில்லை. அந்த நிலத்தில் பால்மரம் சீவியவர்களிடமும் கேட்கவில்லை. அவசரகாலத்து அரசாங்கம் அது. மேசையில் வரைபடம் விரிக்கப்பட்டது; கோடு போட்டவர்கள் அதிகாரிகள். தோட்டத்தின் பெயர் மட்டும் இன்றும் பண்டார் உத்தாமாவிலுள்ள எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. நிலம் கைமாறியபோது பெயராவது மிஞ்சியதே என்று மகிழ்வதா, பெயர் மட்டும்தான் மிஞ்சியதா என்று வருந்துவதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

வாக்குச்சீட்டு போன கதை

அந்தக் காலக்கட்டத்தில் மக்களின் குரலுக்கு இன்னொரு வழி திறந்துகொண்டிருந்தது. அதுதான் ஊராட்சி மன்றத் தேர்தல். 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடந்தன. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட கூட்டணியே அந்தக் கோலாலம்பூர் தேர்தலில் பிறந்ததுதான். நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் முன்பே இந்நாட்டு மக்கள் ஊராட்சி மன்றத்திற்கு வாக்களித்தார்கள். சாக்கடை, சந்தை, சாலை விளக்கு என்று அன்றாட வாழ்க்கையைத் தொடும் விவகாரங்களுக்குப் பொறுப்பானவரை மக்களே தேர்ந்தெடுத்த இடங்கள் நாட்டில் இருந்தன.

இந்தோனேசியாவுடனான 'கொன்ஃப்ரன்டாசி' நெருக்கடியின்போது, 1965 மார்ச்சில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் இந்நாட்டின் ஊராட்சி முறையையே ஆராயும் பொறுப்பை ஏற்றிருந்தார் என்பதை இன்றைய இளையோரில் எத்தனை பேர் அறிவார்கள்? 1968-இல் ஆணையம் தன் அறிக்கையை முடித்தது. தேர்தல் மீண்டும் நடத்தப்பட வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. ஊழலும் திறமைக் குறைவும் இருந்தால் அவற்றைத் திருத்த வேண்டுமே தவிர, மக்களின் உரிமையை எடுத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கவுன்சிலர்களை மாநில அரசாங்கமே நியமிக்கும். அவர்களின் எண்ணிக்கை 8-க்குக் குறையாமலும் 24-க்கு மேற்படாமலும் இருக்கும் என்று அச்சட்டம் வகுத்தது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்டுக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோல்வி கண்டது.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

இங்கே வரலாற்றின் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். வாக்குரிமையை எடுத்த அதே 1976-ஆம் ஆண்டில்தான் நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும் வந்தது. முன்னது சட்ட எண் 171. பின்னது சட்ட எண் 172. ஒன்று கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்தது. மற்றொன்று, நகரத் திட்டத்தை மக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும், அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாவதை நம்மில் பலர் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை.

அந்தச் சட்டம் சொல்லும் திட்டங்களில் இரண்டை நாம் அறிந்திருக்க வேண்டும். மாநிலம் முழுமைக்குமான பொதுக் கொள்கையைச் சொல்வது கட்டமைப்புத் திட்டம். ஓர் ஊராட்சி மன்றத்தின் எல்லைக்குள் ஒவ்வொரு நிலத்துண்டும் எதற்குப் பயன்படலாம் என்று வண்ணமிட்டுக் காட்டுவது உள்ளூர்த் திட்டம். நம் வாசற்படிவரை வருவது இந்த உள்ளூர்த் திட்டம்தான். 2001-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, வரைவு தயாராகும் முன்பே மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். வரைவு முடிந்ததும் அதைக் காட்சிக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். எழுத்து வழியாக ஆட்சேபித்தவர் நேரில் விளக்கம் தர வாய்ப்புக் கேட்கலாம். அதன் பிறகே மாநில அரசாங்கத்தின் ஒப்புதலும் அரசிதழ் அறிவிப்பும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் கட்டட மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து வழியாக அறிவிப்புக் கொடுத்து, 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று சொல்ல வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 21-ஆவது பிரிவு. உள்ளூர்த் திட்டம் அமலுக்கு வந்துவிட்ட பகுதிக்கு அந்தக் கட்டாயத்தை இப்பிரிவு விதிக்கவில்லை. ஏன்? திட்டம் வரையப்பட்டபோதே உங்களுக்குப் பேச வாய்ப்புத் தந்தாகிவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. ஆகவே, எதிர்வீட்டு நிலத்தில் இரும்புத் தூண் நட்டபிறகு மனு எழுதுகிறோமே, அது பெரும்பாலும் காலம் கடந்த மனு. பேச வேண்டிய நாள் சில ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் போகாத ஒரு கண்காட்சி அறையில் கழிந்து போயிருக்கும்.

நகர மையம் மாறும் விதம்

இனி மீண்டும் பெட்டாலிங் ஜெயாவுக்கு வருவோம். 1964-இல் தனி நகர் ஆணையம் பெற்ற இந்த ஊர், 1977 ஜனவரி முதல் தேதி நகராண்மைக் கழகமானது. 2006 ஜூன் 20-ஆம் தேதி மாநகராகத் தகுதி உயர்ந்தது. சுமார் 97 சதுர கிலோமீட்டர் அதன் ஆளுகைப் பரப்பு. பழைய நகரை அடுத்து, 52-ஆவது செக்‌ஷன் புதிய நகர மையமாக உருவானது. ஸ்டேட் திரையரங்கின் பெயரால் மக்கள் அதை 'பிஜே ஸ்டேட்' என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். மாநகர் மன்றத் தலைமையகம், வங்கிகள், அரசாங்க அலுவலகங்கள் என்று ஒரு தலைமுறைக்கு அதுவே ஊரின் நடுவீடு.

பிறகு காலம் மாறியது. டாமன்சாரா பக்கம் பேரங்காடிகள் எழுந்தன. வாடிக்கையாளர்கள் அங்கே போனார்கள். 1998 செப்டம்பரில் எல்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியதும் தாமான் ஜெயா, ஆசியா ஜெயா நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்திற்குப் புதிய மதிப்பு வந்தது. 13-ஆவது செக்‌ஷனில் இருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இடம் பெயர, அந்த நிலங்கள் அலுவலகங்களாகவும் உயர்மாடிக் குடியிருப்புகளாகவும் மாறத் தொடங்கின. பழைய கடைத்தெரு தேய்ந்தது, ரயிலடி வளர்ந்தது. புறநகர் மையம் எதற்கும் இதுதான் நடக்கிறது.

இந்த வளர்ச்சியை அளப்பதற்கு அதிகாரிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு மாடிப் பரப்பு கட்டலாம் என்ற விகிதம் அது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. விகிதம் நான்கு என்றால் 174,240 சதுர அடி கட்டலாம். அதையே ஆறாக்கினால் 261,360 சதுர அடி. வரைபடத்தில் ஒரேயொரு எண்தான் மாறுகிறது. ஆனால் நிலத்தின் விலை ஏறுகிறது, சாலையில் வாகனம் கூடுகிறது, சாக்கடையிலும் குழாயிலும் சுமை கூடுகிறது, பக்கத்துப் பள்ளியில் வகுப்பறை போதாமல் போகிறது. அந்த எண்ணை மாற்றும் நேரத்தில் கேள்வி கேட்பதுதான் மக்கள் பங்கேற்பு. கட்டடம் திறந்த பிறகு நெரிசலைப் பற்றிக் குறைசொல்வது வெறும் புலம்பல்.

இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சநிலை மாநாடு, ஊராட்சி மன்றங்கள் மக்களோடு சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று வலியுறுத்தியது. அதையொட்டி 1999 முதல் 2001 வரை நம் நாட்டில் நான்கு ஊர்களில் 'லோக்கல் அஜெண்டா 21' முன்னோடித் திட்டம் நடத்தப்பட்டது. பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், கிரியான், மீரி ஆகியவை அந்நான்கு. குடியிருப்பாளர் சங்கங்களும் அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய அனுபவம் அதில் கிடைத்தது. 2011-இல் சிலாங்கூர் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. கேட்டால் பதில் பெறலாம் என்ற நிலைக்கு அதுவும் ஒரு படி.

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வருபவர் யார்? நேரம் உள்ளவர், ஆங்கிலத்திலோ மலாயிலோ தடையின்றிப் பேசுபவர், சொந்த வீடு உள்ளவர். இரண்டு வேளை வேலை செய்யும் அடுக்குமாடிக் குடும்பத்தலைவி வருவதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் வருவதில்லை. வராதவர்களின் தேவை குறிப்பேட்டில் ஏறுவதுமில்லை.

புக்கிட் கியாரா கற்பித்த பாடம்

இந்த முரண்பாடு உச்சத்துக்கு வந்த இடம் பெட்டாலிங் ஜெயாவின் எல்லைக்கு அப்பால், கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் புறநகரில் உள்ளது. புக்கிட் கியாரா தோட்டத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தோட்டத் தொழிலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீடு தருவோம் என்பது வாக்குறுதி. சுமார் 100 குடும்பங்கள் அந்த வாக்குறுதியை நம்பிப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. தற்காலிக வீட்டில் பிறந்த பிள்ளைகள் தாங்களே பெற்றோர் ஆனார்கள்.

பின்னர் ஒரு திட்டம் வந்தது. பக்கத்திலிருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடிச் சொகுசுக் குடியிருப்புகள் பல எழும்பும். அதோடு நீண்ட வீட்டு மக்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடி கிடைக்கும் என்றது அத்திட்டம். பூங்காவை இழக்க விரும்பாத வட்டாரக் குடியிருப்பாளர்கள் 2017-இல் நீதிமன்றம் சென்றார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அந்த வெற்றியை உறுதிசெய்து, மேம்பாட்டு ஆணை செல்லாது என்றது. கட்டமைப்புத் திட்டம் என்பது அலமாரியில் வைக்கும் அலங்காரப் புத்தகம் அல்ல. அதிகாரி நினைத்தபடி அதை ஒதுக்கித் தள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் வழி நிலைபெற்றது. நாட்டின் நகரமைப்பு வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

ஆனால் நம் நெஞ்சைத் தொடும் கேள்வி வேறு. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் நீண்ட வீட்டு மக்களின் உரிமையை மறுக்கவில்லை. அந்த மக்களுக்கு அங்கேயே வீடு வேண்டும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அப்படியிருந்தும் பூங்காவா, ஏழையின் வீடா என்று இரு தரப்பும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட நிலை ஏன் வந்தது? 1980-களில் அந்தப் புறநகரின் வரைபடத்திலேயே அந்த மக்களுக்கென்று ஒரு நிலத்துண்டு குறிக்கப்பட்டு வீடும் கட்டப்பட்டிருந்தால் இந்த மோதலே எழுந்திருக்காது. வாக்குறுதி வாயில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. வாய்ப்பேச்சுக்கு ஆயுள் குறைவு. அரசிதழில் ஏறியதுதான் நிற்கும்.

காலத்தின் அருமையையும் இங்கே கருத வேண்டும். கோலாலம்பூரின் 2020-ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்ட வரைவு 2008-இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் வெளியானது 2018-இல். 2020-ஆம் ஆண்டுக்கான திட்டம் அமலுக்கு வந்தபோது, 2020 பிறக்க இரண்டு ஆண்டுகள்கூட இல்லை! இடைப்பட்ட பத்தாண்டில் கட்டடங்கள் காத்திருக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

வரலாற்றைப் பேசிவிட்டுக் கலைந்துபோவதால் பயனில்லை. தோட்டம் நகரமானபோது நாம் வரைபடத்திற்கு வெளியே இருந்தோம். அப்போது நமக்குச் சட்ட உரிமையும் இல்லை, தகவலும் இல்லை. இன்று உரிமை இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த உரிமை நம் கதவைத் தட்டுகிறது.

உங்கள் ஊராட்சி மன்றம் அடுத்த முறை வரைவுத் திட்டத்தைக் காட்சிக்கு வைத்தால், நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, உங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கும் நிலம் பள்ளி நிலம் என்றே வண்ணமிடப்பட்டிருக்கிறதா? இரண்டாவது, நீங்கள் வழிபடும் ஆலயம் சமய வழிபாட்டுத் தலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது அந்த இடம் வணிக நிலமாகக் காட்டப்பட்டிருக்கிறதா? மூன்றாவது, நகர மையத்திலும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் விகிதம் எத்தனை மடங்கு உயர்கிறது, அதில் மலிவுவிலை வீட்டுக்கு எவ்வளவு பங்கு? நான்காவது, பிள்ளைகள் விளையாடும் திடல் திடலாகவே இருக்கிறதா?

குறை கண்டால் எழுத்து வழியாக ஆட்சேபியுங்கள். "எங்கள் சமுதாயம் புறக்கணிக்கப்படுகிறது" என்று பொதுவாக எழுதுவதைவிட, இந்த எண்ணுள்ள நிலம், இந்தப் பக்கத்து வரைபடம், இந்த மாற்றம் வேண்டும் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அதிகாரிக்கு வரும். நேரில் விளக்கம் தர விரும்புவதாகவும் அதிலேயே குறிப்பிடுங்கள். தனி ஆளால் முடியாதென்றால் ஆலய நிர்வாகம் இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, குடியிருப்பாளர் சங்கம் இருக்கிறது. திருவிழாவுக்குக் குழு அமைக்கத் தெரிந்த நமக்கு, திட்டத்தைப் படிக்க ஒரு குழு அமைக்க முடியாதா? ஒரு வழக்கறிஞர், ஓர் ஆசிரியர், நிலவரி அலுவலக நடைமுறை அறிந்த ஒருவர் இருந்தால் போதும்.

கேட்பதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பதிவாகியிருக்கும் ஆட்சேபம் நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியாகும். பதிவாகாத ஆதங்கம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் மக்களின் குரல் ஊராட்சி மன்றத்திற்குள் ஒலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. வாக்குச்சீட்டு எப்போது திரும்பி வருமோ, அது அரசியல். அதுவரை, கண்காட்சி அறையில் வைத்திருக்கும் அந்த ஆட்சேபப் பாரமே நம் கையில் இருக்கும் வாக்குச்சீட்டு. அதை வெற்றுத்தாளாக விட்டுவிட வேண்டாம்.